கடைசி வண்டியின் கம்பு

கலஹாவிலிருந்து பேராதனைக்கு இறங்கும் வீதியில் ஓரிடத்தில் பாதியை மழை கொண்டுபோய்விட்டது. மீதிப் பாதியில் ஒரு வண்டிதான் போகலாம். ஒரு பக்கம் வெட்டிய மண்மேடு, மறுபக்கம் பள்ளம். நடுவில் வளைவு என்பதால் இந்த முனையில் கொடி பிடிப்பவருக்கு அந்த முனை தெரியாது. போனுக்கு சிக்னலும் இல்லை. அதனால் கடைசியாக விடும் வண்டியிடம் சிவப்புத் துணி சுற்றிய கம்பைக் கொடுத்தனுப்புவார்கள். கம்பு அந்த முனைக்குப் போய்ச் சேர்ந்தால் பாதை காலி. எதிர்ப்பக்க வண்டிகளை விடலாம்.

அன்று கம்பு யுகேஷிடம் வந்தது.

"நீதான் கடைசி. அங்க பாப்பம்மா அக்கா நிக்கும், அதுகிட்ட குடு," என்றார் கொடி பிடித்த ரவிகுமார். "மெதுவா போ தம்பி, கல்லு பூரா லூசா கெடக்கு."

பைக்கின் பின்சீட்டில் இருந்த அவன் அக்கா டிலானி கம்பை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்குப் பேராதனையில் ஆசிரியர் போட்டிப் பரீட்சை. அடுத்த முறை வயது தாண்டிவிடும்.

"மண்டபத்துக் கேட்ட மூடிருவாங்கடா. இப்பிடியே ஊர்ந்தா பரீட்சைக்கு இல்ல, பென்சனுக்குத்தான் போய்ச் சேருவேன்."

முன்னால் ஓர் ஆட்டோ, அதற்கு முன்னால் பஸ். யுகேஷுக்கு இடைவெளி தெரிந்தால் கை சும்மா இருக்காது. ஆட்டோவை ஒரே முறுக்கில் தாண்டினான். பஸ்ஸுக்கும் மண்மேட்டுக்கும் நடுவே பைக்கை நுழைத்தான். பஸ் சற்றே உள்பக்கம் சாய, பயத்தில் முன் பிரேக்கைப் பிடித்துவிட்டான். கல்லில் சக்கரம் வழுக்கியது. டிலானி அவன் சட்டையைக் கிழிப்பதுபோலப் பற்றினாள். காலை ஊன்றி, பிரேக்கை விட்டு, எப்படியோ நிமிர்த்தி, பஸ்ஸையும் தாண்டினான்.

"நல்லா ஓட்டுற! மொதல்ல உசுரோட கொண்டுபோய் விடு!"

வளைவு கடந்து முனைக்கு வந்ததும் பாப்பம்மா கை நீட்டினாள். டிலானி கம்பைக் கொடுத்தாள். பாப்பம்மா பச்சைக் கொடியை உயர்த்த, எதிரே மண் ஏற்றிய டிப்பர் உறுமிக்கொண்டு நகர்ந்தது.

யுகேஷ் வளைவைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பாப்பம்மாவிடம் கத்தினான்.

"அக்கா, விடாதீங்க! பஸ்ஸும் ஆட்டோவும் உள்ள இருக்கு!"

"அப்ப கம்பு எப்பிடிடா முன்னாடி வந்துச்சு?"

யுகேஷ் பைக்கைத் திருப்பி டிப்பருக்குக் குறுக்கே நிறுத்தினான். டிப்பர் பம்பரை அவன் முழங்காலருகே கொண்டுவந்து நின்று, விடாமல் ஹோர்ன் அடித்தது. பின்னால் நின்ற வண்டிகளும் சேர்ந்துகொண்டன. பாப்பம்மா சிவப்புக் கொடியைத் தூக்கிக்கொண்டு கத்தினாள். யாரும் கேட்கவில்லை.

வளைவில் பஸ் தலைகாட்டியது. யுகேஷ் ஓரமாகி வழிவிட்டான். பஸ் போனதுமே டிப்பர் முன்னேற, மறுபடி குறுக்கே வந்தான்.

"எதுக்குடா இன்னும் நிக்கிற?" டிலானி அவன் தோளை உலுக்கினாள். "அதான் அவங்ககிட்ட சொல்லிட்டியே, வாடா!"

"நான் எடுத்தா இவன் பூந்துருவான். ஆட்டோல ஸ்கூல் புள்ளைங்க இருக்குக்கா."

அவள் டிப்பரையும் வளைவையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு ஹெல்மட்டைக் கழற்றி அவன் மடியில் எறிந்துவிட்டு, பஸ்ஸின் பின்னால் கத்திக்கொண்டு ஓடினாள். பஸ் வேகம் தணித்தது. ஏறிக்கொண்டாள்.

ஆட்டோவைக் காணவில்லை. டிப்பர் சாரதி இறங்கி வந்து யுகேஷின் காலரைப் பிடித்தான். யுகேஷ் ஹேண்டிலை விடவில்லை. அந்த நேரத்தில்தான் வளைவில் ஆட்டோ தெரிந்தது, ஒரு டயர் தட்டையாகி, பள்ளத்து விளிம்பை ஒட்டி நொண்டிக்கொண்டு. உள்ளே பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் ஒட்டியிருந்தார்கள். சாரதி காலரை விட்டான்.

ஆட்டோக்காரர் பாரூக் வெளியே வந்து நெற்றி வியர்வையை வழித்தார். "டயர் பெய்த்து மகன். எதிர்ல ஒண்டு வந்திருந்தா நாங்க கீழதான்."

பாப்பம்மா யுகேஷைப் பார்த்தாள். "போடா. இனி இந்தப் பக்கம் வந்தா ஒனக்குக் கம்பு கெடையாது."

யுகேஷ் இரண்டாம் கியரைத் தாண்டாமல் ஓட்டினான். பேராதனையில் பரீட்சை மண்டபத்தின் கேட் பூட்டியிருந்தது. வெளியே பிந்தி வந்த நாலைந்து பேர் காவலாளியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். யுகேஷ் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். இன்னொரு முறையும் பார்த்தான்.

டிலானி அவர்களில் இல்லை.