பாப்பா கை படும் இடம்

இன்னாசிமுத்து செய்த தப்பை மர வேலை தெரியாதவன் செய்திருக்க மாட்டான். அவ்வளவு ஒழுங்காகச் செய்த தப்பு அது.

பம்ப்செட் கம்பெனியில் தரம் பார்த்து அனுப்புவது அவர் வேலை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் பழைய லுங்கிக்கு மாறி, சிங்காநல்லூர் வீட்டின் கார் ஷெட்டுக்குள் போய்விடுவார். கார் பல வருஷமாகத் தெருவில்தான் நிற்கிறது. இப்படிப்பட்ட ஞாயிற்றுக்கிழமை ஆசாரிகள் தனி ரகம். புது உளி வாங்கினால் முன்கை மயிரை மழிக்கிற அளவுக்குத் தீட்டுவார்கள்; தீட்டியதை எண்ணெய் தடவி உறையில் போட்டுவிட்டு அடுத்த உளிக்கு விலை கேட்பார்கள். கட்டையை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் எத்தனை இருந்தாலும் ஒன்று குறைகிறது என்பார்கள். இன்னாசிமுத்துவுக்கு இவை போக ஒரு பிடிவாதம் உண்டு. முடித்த சாமானில் ஒரு பென்சில் கோடு தெரியக் கூடாது. தெரிந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது.

இந்தப் பைத்தியத்தில் அவருக்கு ஒரே கூட்டாளி, சோமனூரில் விசைத்தறி ஓட்டிய ரவிக்குமார். உக்கடத்துப் பழைய மரக்கடையில் ஒரே நிலைக்காலின் மேல் இரண்டு பேரும் கை வைத்ததில் தொடங்கிய பழக்கம். சண்டையும் ஒன்றே ஒன்றுதான். மூட்டுக்குப் பசை போடாமல் தீராது என்பார் ரவி. மூங்கில் ஆணி போதும், வேண்டும்போது பிரித்துக்கொள்ளலாம் என்பார் இன்னாசிமுத்து. "பிரிக்கறதுக்குங்களா நாம செய்யறோம்?" என்று ரவி கேட்பார். அதற்குப் பதில் சொல்லி இவர் ஜெயித்ததே இல்லை.

தன் மகள் பிரத்யுஷா முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும், ரவி தேக்கில் ஒரு தொட்டில் தொடங்கினார். கால்களில் துளை தோண்டி, அவற்றுக்குள் இறங்கச் சட்டங்களின் முனையில் கழுந்து சீவி, எது எதற்குள் போகும் என்று பென்சிலால் குறித்தும் வைத்தார். அதோடு சரி. ஒரு காலையில் தறியை ஓடவிட்டு டீ குடிக்க உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

குழந்தை பிறந்ததும் அவர் மனைவி அன்புச்செல்வி கட்டைகளை எல்லாம் பழைய சேலையில் சுற்றி அனுப்பினார். போனில் சொன்னது இதுதான்: "அவரு செய்யற மாதிரியே முடிச்சுக் குடுங்ணா. பாப்பாவ அதுலதான் போடோணும்."

அவரு மாதிரியே. அதனால் இன்னாசிமுத்து மூங்கில் ஆணியைத் தொடவில்லை. முதல் தடவையாகப் பசை டப்பா வாங்கினார். மூடியைத் திறந்ததும் அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷம் மறுத்ததை, கேட்க ஆள் இல்லாதபோது ஒத்துக்கொள்வது என்ன கொடுமை.

மேல்சட்டத்தில் ரவி தனக்குத்தானே ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: "பாப்பா கை படும். நல்லா மழுக்கோணும்." இன்னாசிமுத்து அதைப் படித்தார். சொன்னபடியே அந்த விளிம்பை உள்ளங்கையால் தடவிப் பார்த்துப் பார்த்து மழுக்கினார். அப்புறம் கை பழக்கத்தில் இழைப்புளியை எடுத்து, பசை போட்டுப் பூட்டிய தொட்டிலில் வெளியே தெரிந்த பென்சில் எழுத்தையெல்லாம் சுத்தமாக இழைத்துத் தள்ளினார். சீவலைப் பக்கத்து வீட்டு இருதயம்மாள் கோழிக்கூண்டுக்கு அள்ளிக்கொண்டு போனார்.

வண்டியில் வரும்போது கீறல் விழும் என்று பாலிஷை மட்டும் மிச்சம் வைத்து, சோமனூர் போய் அடித்துக்கொள்ளலாம் என்று தொட்டிலை ஏற்றிப்போனார். உள்ளறையில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அன்புச்செல்வி தொட்டிலைச் சுற்றி வந்தார். சட்டம் சட்டமாகப் பார்த்தார். குனிந்து அடியிலும் பார்த்தார்.

"ஏனுங்ணா, இதுல அவரு பென்சில்ல எழுதியிருந்தாரே, எங்கீங்க?"

"அதெல்லாம் இழைச்சு எடுத்துப்போட்டேனுங்க அம்மணி. ஒரு கோடு இருக்காது பாருங்க." பெருமையாகத்தான் சொன்னார்.

அன்புச்செல்வி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "தறிக் கணக்கெல்லாம் போன்லதானுங்ணா வெச்சிருந்தாரு. அவரு கையால எழுதுனதுன்னு ஊட்டுல வேற ஒண்ணுமில்லீங்க. பாப்பா பெருசானா, உங்க தாத்தன் எழுதுனதுன்னு காட்டலாம்னு நெனச்சிருந்தேன்."

இன்னாசிமுத்துவுக்கு உடம்பெல்லாம் கூசியது. இந்தக் கையை என்ன செய்வது? நண்பனின் எழுத்தை நண்பனுக்காகவே அழித்த கை. கோழிக்கூண்டு நினைவுக்கு வந்தது. இந்நேரம் கோழிகள் கிளறித் தள்ளியிருக்கும்.

"உள்ளே இருக்குதுங்க" என்றார், ஒரு மூட்டைத் தொட்டுக் காட்டி. "இந்தக் கழுந்துலயெல்லாம் நம்பர் போட்டிருந்தாப்ல. அது துளைக்குள்ள அப்படியே இருக்குது. ஆணி அடிச்சிருந்தா இப்பவே பிரிச்சுக் காட்டிருவேன். அவரு மாதிரியேன்னு பசை போட்டுட்டேன். அறுத்தாத்தான் வரும். அறுக்கட்டுங்களா?"

அன்புச்செல்வி எழுந்து வந்து அந்த மூட்டின் மேல் கை வைத்தார். "இதுக்குள்ளயா?"

"ஆமாங்க. மூணுன்னு போட்டு ஒரு அம்புக்குறி."

"எந்தப் பக்கம் பாத்தாப்ல?"

"மேல பாத்துங்க."

கையை எடுக்காமல் நின்றார். "அறுக்க வேண்டாமுங்ணா. பிள்ளை படுக்கற எடம். இருந்துட்டுப் போகட்டும்." பிறகு கேட்டார்: "மேல்சட்டத்துல என்னமோ நீளமா எழுதியிருந்தாருங்களே. சேலை சுத்தும்போது அழுகையில நான் சரியாப் படிக்கல. நீங்க படிச்சீங்களா?"

இன்னாசிமுத்து சொன்னார். பாப்பா கை படும், நல்லா மழுக்கோணும்.

அன்புச்செல்வி பின்கட்டுக்குப் போய், ரவி காதில் செருகிக்கொள்ளும் துண்டுப் பென்சிலை எடுத்துவந்து நீட்டினார். "அதே எடத்துல எழுதிக் குடுங்ணா."

"என் எழுத்து எதுக்குங்க அம்மணி. நீங்க எழுதுங்க."

அன்புச்செல்வி குனிந்து எழுதினார். வரி கீழே சரிந்துகொண்டு போனது. "மழுக்கோணும்" என்பதில் ஒரு துணைக்கால் விட்டுப்போய், அதை அப்புறம் இடுக்கிச் சேர்த்தார்.

"இத இழைச்சுப்போடாதீங்ணா."

"இல்லீங்க" என்றார் இன்னாசிமுத்து.

துணியைச் சுருட்டி அரக்குப் பாலிஷில் நனைத்தார். எப்போதும் சாமானின் காலில் தொடங்குபவர், அன்று அந்த எழுத்தின் மேல்தான் முதல் பூச்சைப் பூசினார். பென்சில் கலைந்துவிடாமல் மெதுவாக, ஒரே திசையில். அது காய்ந்து, இனி யார் தேய்த்தாலும் போகாது என்று விரலால் தொட்டுப் பார்த்த பிறகுதான் மற்ற இடங்களுக்குப் போனார்.