என்ன குறைச்சல்?

அத்தான் அகராதி எழுதுகிறார். ஊருக்கெல்லாம் பொருள் சொல்கிறவருக்கு, வீட்டில் யார் எதற்காக முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார்கள் என்பது மட்டும் விளங்காது. அவர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்வது என் வேலை. அவர் மனைவியோடு கூடப்பிறந்த பாவம்.

அன்று ‘குறைச்சல்’ என்ற சொல்லுக்கு வந்திருந்தோம்.

“முதல் பொருள், எண்ணிக்கையில் இருக்க வேண்டியதைவிடக் கம்மி. பத்து நாற்காலி கேட்டேன், ரெண்டு குறைச்சல். போட்டுக்கோ. பின்னாடி ‘இல்லை’ சேர்ந்தா அப்படியே தலைகீழ். நிறைய இருக்குன்னு அர்த்தம், பெரும்பாலும் குத்தலா. உதாரணம் ஒண்ணு சொல்லு.”

“வாய்ப்பேச்சுக்குக் குறைச்சல் இல்லை.”

“பிரமாதம்” என்றார். அவரைத்தான் சொன்னேன் என்பது உறைக்கவே இல்லை.

அடுத்து ‘என்ன குறைச்சல்?’ என்ற வழக்கு. கேள்வி வடிவில் வந்தாலும் பதிலை எதிர்பார்ப்பதில்லை என்று எழுதச் சொன்னார். எழுதினேன்.

அப்போதுதான் அக்கா வந்து நின்றாள். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். வேறு ஊர்க் கிளையில் அந்தப் பிரிவுக்கே தலைமைப் பொறுப்பு கொடுத்திருந்தார்கள். அத்தானின் ஒரு வார்த்தைக்காகச் சில நாளாகக் காத்திருந்தாள். ‘போகாதே’ என்றாலும் சரி, ‘நானும் வரேன்’ என்றாலும் சரி. அகராதிக்காரரிடம் அதற்குத்தான் பஞ்சம்.

“நாளைக்குள்ள பதில் சொல்லணுங்க. என்ன சொல்லட்டும்?”

அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இங்க உனக்கு என்ன குறைச்சல்?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. திரையில் அதே வரி இருந்தது. அக்கா கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. கடைக்குக் கிளம்பும் முன் என்ன வாங்க வேண்டும் என்று யோசிப்பதுபோல நிதானமாக யோசித்தாள்.

“சாப்பிடறப்ப எனக்கு எதிர் நாற்காலில உங்க காகிதக் கட்டுதான் உக்காந்திருக்கு. கல்யாணம் ஆனதுலேருந்து அதுகிட்டதான் பேசிட்டிருக்கேன். ஒரு ஆள் குறைச்சல்.”

சொல்லிவிட்டு உள்ளே போய் மருத்துவமனைக்குப் போன் போட்டாள். சரி என்று அவள் சொன்னது எங்கள் இருவருக்கும் கேட்டது. அத்தான் அடுத்த சொல்லுக்குப் போய்விட்டார்.

அக்கா ஊருக்குப் போன அன்று மத்தியானம், அத்தான் அந்தக் காகிதக் கட்டைத் தூக்கித் தரையில் வைத்தார். நாற்காலியைத் துணியால் துடைத்து உட்கார்ந்தார். எதிரே யாரும் இல்லை. பாவமாகத்தான் இருந்தது. நன்றாக வேண்டும் என்றும் இருந்தது.

தட்டைத் தள்ளி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“அந்தக் ‘குறைச்சல்’ல ஒரு திருத்தம். பதிலை எதிர்பார்ப்பதில்லைன்னு இருக்கு பாரு, அதுக்குப் பின்னாடி, ‘அரிதாகப் பதில் வருவதும் உண்டு’ன்னு சேர்த்துக்கோ.”

சேர்த்தேன். ‘அரிதாக’ என்பதை மட்டும் விட்டுவிட்டேன்.