எர்மீலாவுக்கு ஒப்பாரி பழக்கிய கதை (பழக்கியிருந்தால்)

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என்னுடையதல்ல. பாதி நான் திருடியது, மீதி ஒரு நடிகை சொன்னது. நடிகை சொன்னதை எவ்வளவு நம்பலாம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். திருடியவனை எவ்வளவு நம்பலாம் என்றும்.

தொடக்கத்தை மூன்று தரம் எழுதிப் பார்த்தேன்.

‘அந்தீஸ் மலைச்சாரலில், மேகங்கள் —’ சீ. நான் பெரு நாட்டுப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை.

‘கெச்சுவா இனத்தின் புகழ்பெற்ற நடிகையும் பாடகியுமான எர்மீலா உவாமான் அவர்கள் —’ இது பொன்னாடை போர்த்துமுன் மேடையில் வாசிக்கிற குறிப்பு.

‘ரூ காய் என்கிற தெருவில் ஒரு சேலைக்கடையின் பின்னறையில் கலாவதி சட்டைக்குக் கொக்கி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தபோது —’ இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

2

கலாவதிக்கு ஐம்பத்திமூன்று வயது. (கதைக்குள் ‘அவள்’. தெருவில் கண்டால் கலாவதியக்கா.) பிரான்சில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் யாருடைய செத்தவீடென்றாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அவள் ஒப்பாரி சொல்லத் தொடங்கினால், செத்தவரோடு பத்து வருடம் கதைக்காமல் இருந்தவனும் விம்முவான்.

இன்னொரு விசயம். அண்ணை, தம்பி என்று கூப்பிடாமல் அந்தத் தெருவில் ஒரு கட்டு முருங்கைக்கீரைகூட வாங்க முடியாது. கலாவதி மட்டும் எந்த ஆணையும் ‘தம்பி’ என்று கூப்பிட்டதில்லை. என்னை றூபன் என்பாள். பேர் தெரியாத காலத்தில் ‘இஞ்சேரும்’ என்றாள். இதை ஞாபகத்தில் வைத்திருங்கள்.

எர்மீலாவை அவளிடம் கூட்டிப்போனவன் நான். எர்மீலா நடிக்கப்போகிற படத்தின் வசனங்களைப் பிரெஞ்சிலிருந்து தமிழாக்குகிற வேலை எனக்கு.

“ஆர் உவள்? எங்கடை நிறம், எங்கடை பின்னல், வாங்கோ பிள்ளை எண்டால் முழிக்கிறாள்.”

“பெரு நாட்டு நடிகை அக்கா. படத்திலை எங்கடை பொம்பிளையாய் நடிக்கிறா.”

“ஏன், எங்கடை பொம்பிளையளுக்கு என்ன பஞ்சமே?”

நியாயமான கேள்வி. நான் எர்மீலாவின் வரலாற்றைச் சொன்னேன். அயாக்குச்சோவுக்கு மேலே ஒரு மலையூர். பதினொரு வயதில் சந்தைப் பாட்டுப்போட்டியில் முதல் பரிசு. பதினாறில் லீமா நகரத்தில் வீட்டுவேலை. வேலைக்குப் போகுமுன் விடியற்புறம் வானொலியில் பாட்டு. தொலைக்காட்சித் தொடர்கள் பதினான்கு. பதினான்கிலும் தட்டம் ஏந்திய வேலைக்காரி. கடைசியில் கெச்சுவா மொழியிலேயே ஒரு படம், அவள்தான் நாயகி. அந்தப் படம் பிரான்சுக்கு ஒரு விழாவுக்கு வந்தது, அவளும் வந்தாள், படம் மட்டும் திரும்பிப் போனது.

இங்கே ஒன்பது வருடத்தில் பிலிப்பைன்ஸ் தாதி, மங்கோலிய விதவை, எந்த நாடென்று யாருமே சொல்லாத ஓர் அகதி. (அவளுடைய முகத்துக்கு எந்த நாட்டையும் ஒட்டலாம் என்று நினைக்கிறார்கள் போல.) இப்போது தமிழ் அக்கா. பிரான்சில் அவளுக்குக் கிடைத்த முதல் முழுப் பாத்திரம். திங்கட்கிழமை ஒப்பாரியைத் தமிழில் பாடிக் காட்ட வேண்டும். இல்லையென்றால் இயக்குநர் ழான்-மார்க் லண்டனிலிருந்து வேறொருத்தியை எடுத்துவிடுவார்.

3

“ஒப்பாரி ஆருக்கு?” என்றாள் கலாவதி.

“காணாமல்போன தம்பிக்கு.”

“பிரேதம்?”

“இல்லை அக்கா. பஸ்ஸிலை ஏத்திக்கொண்டு போனவை. பிறகு காணேல்லை.”

தையல் மெசின் நின்றது.

“பிரேதம் இல்லாமல் ஒப்பாரி இல்லை. பாடினால் ஆள் செத்துப்போச்செண்டு நாங்களே சொல்லுறது.” அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். “உந்த பஸ் கதை வெள்ளைக்காரனுக்கு ஆர் சொன்னது?”

[அடிக்குறிப்பாகப் போட்டிருக்க வேண்டியது: நான்தான். கலாவதியின் தம்பி கரிகாலனை ஊர் யுத்தத்தின் கடைசி நாளில் ஆமிக்காரர் ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். அதை அவள் எனக்குச் சொன்னாள். நான் ஒரு கோப்பியைக் குடித்துக்கொண்டு, பேர் சொல்லாமல், ‘எனக்குத் தெரிந்த ஓர் அக்கா’ என்று ழான்-மார்க்குக்குச் சொன்னேன். பேரைச் சொல்லாவிட்டால் களவில்லை என்று எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு நினைப்பு.]

அப்போதுதான் எர்மீலா பிரெஞ்சில் கதைக்கத் தொடங்கினாள். “என்னுடைய அப்பாவையும் கொண்டுபோனார்கள். லொறியில். எனக்கு நாலு வயது. அம்மா இன்றுவரைக்கும் அவருக்குச் சாப்பாட்டுக் கோப்பை வைக்கிறாள். நான் பதினொரு வயதில், பரிசுக்கு ஆசைப்பட்டு, சந்தையில் அவருக்குச் செத்தவீட்டுப் பாட்டுப் பாடிவிட்டேன். அதற்குப் பிறகு நான் பாடி அம்மா ஒருநாளும் கேட்டதில்லை.”

நான் அதைக் கலாவதிக்குத் தமிழில் சொன்னேன். எர்மீலா போனதும் என்னிடம் சொன்னாள்: “நல்லாய் நடிக்கிறாள். என்ரை கதையை எனக்கே விக்கப் பாக்கிறாள்.”

4

எனக்கும் அதே சந்தேகம். சென் தெனியிலுள்ள என் வீட்டில் உட்கார்ந்து இரண்டு நாள் இணையத்தைக் கிண்டினேன். கிடைத்தது. பதினைந்து வருடத்துக்கு முந்திய லீமாப் பத்திரிகைப் பேட்டி, எர்மீலாவின் சொந்த வாயால்: ‘எனக்கு நாலு வயதில் அப்பா காய்ச்சலில் இறந்துபோனார்.’

பிடித்தேன் கள்ளியை என்று கடைக்கு ஓடினேன். (எனக்கு எவ்வளவு சந்தோசம் என்பதைக் கவனியுங்கள். பிறர் பொய்யைக் கண்டுபிடித்தால் தன் களவு சின்னதாகிவிடும்.) கலாவதிக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். அவள் ஊசியைத் துணியில் குத்திவைத்தாள்.

“காய்ச்சலெண்டு சொன்னவளோ? அப்ப அவள் சொல்லுறது உண்மைதான்.”

“என்னக்கா விசர்க்கதை? ரெண்டும் ரெண்டு விதமெல்லோ!”

“அதுதான் சொல்லுறன். பொய் அகதிக் கேஸ் கொண்டுவந்த ஆக்கள் பாடமாக்கிப்போட்டு வந்து, பத்துத் தரமும் ஒரே மாதிரிச் சொன்னவை. அவைக்கு வதிவிடக் காட் கிடைச்சுது. நான் முதல் விசாரணையிலை தம்பி கொழும்பிலை கடையிலை நிக்கிறானெண்டனான். அடுத்ததிலைதான் பஸ்ஸைச் சொன்னனான். முன்னுக்குப் பின் முரணெண்டு எழுதி மூண்டு வருசம் இழுத்தடிச்சவங்கள். முதல்தரம் ஏன் பொய் சொன்னனான், தெரியுமே?”

“தெரியாதக்கா.”

“மொழிபெயர்க்க இருந்த உம்மடை முகத்தைப் பாத்து. நீர் ஆரின்ரை ஆள், எந்தப் பக்கமெண்டு எனக்கென்ன தெரியும்?”

ஓம், வாசகரே. அந்த மேசையில் இருந்தவன் நான். இதைக் கதையில் போடுவதில்லை என்றுதான் இருந்தேன்.

5

முடிவுகள்:

(அ) கலாவதி பழக்கிவிடுகிறாள். எர்மீலா நடித்து விருது வாங்குகிறாள். மண்டபம் எழுந்து கைதட்டுகிறது. கரிகாலன் சாகிறான்.

(ஆ) கலாவதி மறுக்கிறாள். லண்டன்காரி வருகிறாள். எர்மீலா மறுபடியும் தட்டம் ஏந்துகிறாள்.

(இ) இரண்டு பெண்களும் கட்டிப்பிடித்து அழுது, ஆளுக்கொரு மொழியில் — கிழித்துவிட்டேன்.

நான் கண்டது இவ்வளவுதான். இன்று சனிக்கிழமை மத்தியானம் எர்மீலா வந்தாள். பாட்டுக் கேட்க வரவில்லை.

“நீங்கள் பாடவேண்டாம் மதாம்,” என்றாள். “நான் பாடும்வரை என்னுடைய அப்பா வரப் பிந்தியவராகத்தான் இருந்தார். பாடின பிறகுதான் செத்துப்போனார். லண்டன்காரி நடிக்கட்டும்.”

 கலாவதி மெசினின் ஆளியை அணைத்தாள்.

“இவள் இஞ்சை வந்து ஒன்பது வருசமெண்டெல்லோ சொன்னீர் றூபன்?”

“ஓமக்கா.”

“வெளியிலை நில்லும். கதவைச் சாத்திப்போட்டுப் போம்.”

கதவில் காதை வைத்தேன், வெட்கமில்லை. எதிர்க்கடையில் சினிமாப் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. ஒரு மண்ணும் கேட்கவில்லை. முக்கால் மணித்தியாலம் கழித்து எர்மீலா வந்தாள், கண்ணெல்லாம் சிவந்து. அவள் நடிகை, அந்தக் கண்ணை நான் சாட்சியாக எடுக்கமாட்டேன். பின்னால் வந்த கலாவதியின் கண் காய்ந்திருந்தது.

“நீர் எழுதுவீர். எனக்குத் தெரியும். நான் பாடினனெண்டு மட்டும் எழுதாதையும்.”

“பாடினீங்களோ அக்கா?”

அவள் தெருவைப் பார்த்தாள், பிறகு வானத்தை.

“மழை வரப்போகுது,” என்றாள். “குடை கொண்டு வந்தனியே, தம்பி?”

இல்லை என்று தலையாட்டினேன். அந்தச் சொல்லை அவள் இதுவரை கரிகாலனுக்கு மட்டுமே வைத்திருந்தாள்.

திங்கட்கிழமை இன்னும் வரவில்லை. நான் எழுதினவரைக்கும் கரிகாலன் வரப் பிந்தியிருக்கிறான். அடுத்த வரி உங்களுடையது.