மாமியார் தைத்த சீட் கவர்

மாப்பிள்ளை கார் ஓட்டும் அழகைப் பார்க்கத் தெருவே வாசலுக்கு வரும். ஆற அமரப் பார்க்கலாம் என்பதுதான் அதில் சௌகரியம். அவன் வண்டி தெருமுனையில் திரும்பும்போது ஒருவர் சவரம் செய்ய உட்கார்ந்தால், அது வீட்டு வாசலில் வந்து நிற்பதற்குள் அவர் முகம் வழித்து, குளித்து, தலை சீவி, மறுபடி லேசாக முள்தாடியும் முளைத்திருக்கும். சைக்கிள்காரர்கள் முந்துவார்கள். கைத்தடி ஊன்றி நடப்பவர்கள் முந்திவிட்டு, பாவம் என்று திரும்பிப் பார்ப்பார்கள். ஒருமுறை ஒரு பூனை நடுரோட்டில் உட்கார்ந்து, கடக்கலாமா வேண்டாமா என்று யோசித்து, காது மடல் வரை நக்கிச் சுத்தம் செய்துகொண்டு எழுந்து போன பிறகுதான் அவன் வண்டி அந்த இடத்துக்கே வந்து சேர்ந்தது.

அவனைக் குறை சொல்லவும் முடியாது. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டிப் பொருத்துவது அவன் வேலை. ஒரு மயிரிழை பிசகினால் எவரோ ஒருவருக்குப் படிக்கட்டு இரண்டாகத் தெரியும். அந்தப் பயத்திலேயே வளர்ந்த கை. போதாக்குறைக்கு மனைவிக்கு ஆறு மாதம். காரே அதற்காகத்தான் வாங்கியது.

வாங்கும்போது விற்பனையாளரை அவன் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமில்லை. ஏர்பேக் எங்கே இருக்கிறது, எப்போது வெடிக்கும், கண்ணாடி போட்டவர் மூக்கு என்ன ஆகும் என்று குடைந்ததில், அந்த மனிதர் டையைத் தளர்த்திவிட்டுத் தண்ணீர் கேட்டார். கடைசியில் முன் சீட்டின் விலாப்புறத்தில் தைத்திருந்த, 'ஏர்பேக்' என்று போட்ட சின்னத் துணிச்சீட்டைத் தொட்டுக் காட்டினார்.

"சார், முன்னாடி ரெண்டு பை. அப்புறம் சீட்டோட விலாவுக்குள்ள ஆளுக்கு ஒண்ணு. பக்கவாட்டுல எவனாவது வந்து மோதினா, இந்தத் தையல் பிரிஞ்சு பை வெளிய வரும். கண் இமைக்கிறதுக்குள்ள வந்தாகணும். அதனால இது மேல மட்டும் எதையும் மாட்டி மூடிடாதீங்க. போதுமா சார்? நான் சாப்பிடப் போகலாமா?"

வண்டி வீட்டுக்கு வந்ததும் சட்டதிட்டங்கள் வந்தன. டாஷ்போர்டில் ஒட்ட மனைவி ஆசையாக வாங்கி வைத்திருந்த பீங்கான் வாத்து அலமாரிக்குப் போனது. "பை வெடிச்சா அது வாத்து இல்லம்மா, பீரங்கிக் குண்டு," என்றான். டாஷ்போர்டு மேல் கால் நீட்டக் கூடாது. பை விரிகிற வேகத்தில் முழங்கால் முகத்துக்கு வந்துவிடும். பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றுக்கு அடியில், இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும். மேல்பட்டை மார்பின் நடுவே. சீட் நன்றாகப் பின்னால் தள்ளியிருக்க வேண்டும்.

"இன்னும் எவ்வளவுங்க தள்ளுவீங்க? பிரசவத்துக்குள்ள டிக்கிக்கே போயிடுவேன் போலிருக்கு."

"நானும்தான் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு முழம் தள்ளி உட்காந்திருக்கேன்."

"அதான் தெரியுதே. கார் ஓட்டறீங்களா, தூண்டில் போடறீங்களான்னு பக்கத்து வீட்ல கேக்கறாங்க."

இத்தனை கெட்டிக்காரனுக்கு ஒரே ஒரு இடத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அது மாமியார்.

மாமியார் சோபா உறையும் ஜன்னல் திரையும் தைப்பவர். அவர் தையல் விட்டதாகச் சரித்திரம் கிடையாது. அவர் தைத்த திரையைப் பிடித்து இரண்டு வாண்டுகள் ஊஞ்சலாடியதில் கம்பி பிடுங்கிக்கொண்டு வந்தது, சுவரில் பாதியும் வந்தது, தையல் மட்டும் வரவில்லை. அவர் கோபமும் அதே ரகம். மகள் தானே பார்த்துக்கொண்ட மாப்பிள்ளை என்பதால் கல்யாணம் முடிந்து ஒன்றரை வருஷமாக அவனிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. சண்டை கிண்டை எதுவும் இல்லை. வீட்டுக்கு வருவார், எல்லாம் செய்வார். "அவர் சட்டையில பட்டன் தொங்குது, கழட்டித் தரச் சொல்லு," என்று, அவன் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும்போதே மகளிடம் சொல்வார். மகள் இல்லாவிட்டால் ஃபிரிட்ஜிடம் சொல்வார். "காபி ஆறிக்கிட்டிருக்கு." ஃபிரிட்ஜ் எழுந்து வராததால் அவன் வந்து குடிப்பான்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் காலையில் யானைக்குட்டி அளவு மூட்டையோடு வந்து இறங்கி, அவன் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னார்:

"மாப்பிள்ளை, கார் சாவியக் குடுங்க."

அவன் பதறிப்போய், கார் சாவியோடு வீட்டுச் சாவி, கடைச் சாவி, பீரோ சாவி எல்லாவற்றையும் சேர்த்து நீட்டினான்.

மூட்டைக்குள் சீட் கவர். அடர்ந்த மாதுளை நிறத்தில், ஓரமெல்லாம் சாம்பல் நிற வார் வைத்து, விளிம்பெல்லாம் இரட்டைத் தையல் ஓட்டியது. அவன் கடையில் இருந்த நேரமெல்லாம் வந்து அளவெடுத்திருக்கிறார். மாட்டியபோது அது உறை மாதிரி இல்லை, சீட்டுக்குத் தோலே அதுதான் என்பது போல ஒட்டிக்கொண்டது. விலாப்புறத்துத் துணிச்சீட்டு அதற்குள் மூழ்கி மறைந்ததை அவன் கண்ணால் பார்த்தான். வாயைத் திறந்தான்.

"எப்படி இருக்கு மாப்பிள்ளை?"

அந்த முகத்தில் இருந்த சிரிப்பை அவன் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

"பிரமாதம் அத்தை," என்று வந்தது வாயிலிருந்து.

அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. சொன்னால், ஒன்றரை வருஷம் கழித்துத் திறந்த கதவு சாத்திக்கொள்ளும். பேரன் பேத்தி கல்யாணம் வரைக்கும் அவர் ஃபிரிட்ஜிடம்தான் பேசுவார். சொல்லாவிட்டால் மனைவி உட்காரும் சீட்டில் பை இருந்தும் இல்லாத மாதிரி. மனைவியிடம் சொல்லலாம் என்றால், அவள் வாயில் ஒரு சேதி தங்கும் நேரத்தில் தீக்குச்சி கூட அணையாது. உடனே அம்மாவுக்குப் போன் போகும்.

எனவே தந்திரம் செய்தான். ஒரு பெரிய டம்ளர் காபியைக் கவரின் மேல் கை தவறியது போலக் கொட்டினான். கழற்றித் துவைக்கப் போட்டுவிட்டால் அப்படியே காணாமல் போக்கிவிடலாம் என்று கணக்கு. மாமியார் துளியும் முகம் சுளிக்கவில்லை. "அதுக்குத்தான் மாத்துக்கு இன்னொரு செட் தைச்சு வெச்சிருக்கேன் மாப்பிள்ளை," என்று அன்றே மாட்டிவிட்டார். இது முன்னதைவிட இறுக்கம்.

பிறகு மனைவியைப் பின் சீட்டுக்கு மாற்றினான்.

"ஏங்க, நான் என்ன பார்சலா?"

"பின்னாடிதாம்மா பாதுகாப்பு. பெல்ட்டு போட்டுக்கோ."

"முன்னாடி யாரு உட்காருவா, உங்க பயமா?"

தான் உட்காரும் சீட்டைப் பற்றி அவனுக்குக் கவலையே வரவில்லை. இதற்குள் தெருவில் கவரின் புகழ் பரவிவிட்டது. எதிர்வீட்டுப் பல் டாக்டர் வந்து தடவிப் பார்த்துவிட்டுத் தன் காருக்கும் கேட்டார். மாமியார் இரண்டே நாளில் தைத்து மாட்டிவிட்டார். தெருவில் நடக்கும்போது அவர் கால் தரையில் பாவவில்லை. மாப்பிள்ளை மட்டும் நாளுக்கு ஒரு பெல்ட் துளை இளைத்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரம் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் பரிசோதனை. மாமியாரும் கிளம்பினார். மகள் பின்னால் ஏறிவிட்டதால் அவர் முன் சீட்டில், தான் தைத்த கவரின் மேல், மகாராணி மாதிரி உட்கார்ந்தார்.

பெரிய நாற்சந்தியில் சிவப்பு விழுந்து நின்றார்கள். பச்சை விழுந்தது. மாப்பிள்ளை நகரவில்லை. பச்சை விழுந்தாலும் இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பிரேக்கிலிருந்து காலை எடுப்பான். அது அவன் பழக்கம். பின்னால் ஹாரன்கள் கச்சேரி ஆரம்பித்தன.

"பச்சை விழுந்தாச்சு மாப்பிள்ளை. இன்னும் யாருக்காகக் காத்திருக்கோம்?" என்றார் மாமியார்.

அந்தக் கேள்விக்குப் பதிலாக வந்தது ஒரு வேன். சிவப்பை மதிக்காமல், மாமியார் உட்கார்ந்த பக்கத்திலிருந்து, வாலில் தீப்பிடித்த குதிரை மாதிரி பாய்ந்து, காரின் மூக்குக்கு முன்னால் ஒரு சாண் இடைவெளியில் கடந்து போனது. அது கிளப்பிய காற்றில் கார் ஆடியது. எல்லோரையும் போலப் பச்சைக்குப் புறப்பட்டிருந்தால் அது நேராக மாமியாரின் கதவில் வந்து இறங்கியிருக்கும்.

பின்னால் ஹாரன்கள் வாயை மூடிக்கொண்டன.

மாப்பிள்ளை நாற்சந்தியைத் தாண்டி, ஒரு மரக்கடை வாசலில் ஓரங்கட்டி நிறுத்தினான்.

"நல்லவேளை, ஒண்ணும் ஆகல," என்றார் மாமியார், நெஞ்சில் கை வைத்துக்கொண்டு. "அதான் ஒண்ணும் ஆகலியே மாப்பிள்ளை, ஏன் இப்படி நடுங்கறீங்க?"

"மோதியிருந்தா உங்க பக்கத்துப் பை வெளிய வந்திருக்காது அத்தை."

"என்ன பை?"

அதன் பிறகு அவன் நிறுத்தவில்லை. சீட்டின் விலாவுக்குள் பை இருப்பது, மோதினால் அது தையலைக் கிழித்துக்கொண்டு வர வேண்டியது, கவர் அதன் மேல் இறுக்கமாகக் கிடப்பது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

மாமியார் கீழே இறங்கினார். கவருக்கு மேலேயே விரலால் தடவி அந்தத் துணிச்சீட்டைக் கண்டுபிடித்தார். பிறகு கவருக்கு அடியில் கையை நுழைத்து, விரல்களை மடக்கி, உள்ளிருந்து வெளியே பலங்கொண்ட மட்டும் தள்ளினார். முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. தையல் அசையவில்லை. இன்னொரு முறை தள்ளினார்.

"நல்லாத்தான் தைச்சிருக்கேன்," என்றார். குரல் மெலிந்திருந்தது.

அவர் கையை மெதுவாக வெளியே எடுத்தார்.

"உங்களுக்கு இது எப்ப தெரியும்?"

"நீங்க மாட்டின அன்னைக்கே, அத்தை."

போச்சு, என்று நினைத்துக்கொண்டான். இனி ஃபிரிட்ஜ்தான்.

"அறிவிருக்காய்யா உனக்கு?"

மாப்பிள்ளை கண்ணைத் திறந்தான். மரக்கடையில் பலகை அறுத்துக்கொண்டிருந்தவரும் ரம்பத்தை நிறுத்தினார்.

"பின்னாடி மாத்தற வரைக்கும் என் பொண்ணு இதுலதானே உட்காந்துட்டு வந்தா. வயித்துல ஒரு உசுரு வேற. நான் ஆசையா தைச்சேன்னு வாய மூடிட்டு இருந்தியா நீ? துணி, கிழிச்சா இன்னொண்ணு தைப்பேன். இவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா எதைக் கொண்டு தைப்பேன்? நான் பேசமாட்டேன்னு பயமா? நான் உன்கிட்ட பேசறது அவ்ளோ பெரிய விஷயமாய்யா?"

"ஆமாம் அத்தை," என்றான் மாப்பிள்ளை.

மாமியார் அவன் முகத்தைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"இவனைப் போய் கட்டியிருக்க பாரு," என்றார் மகளிடம். திட்டுவது போல ஆரம்பித்த வாக்கியம் பாதி வழியில் வேறு எங்கோ போய் முடிந்தது. பிறகு கைப்பையைத் திறந்து தையல் பிரிக்கும் கொக்கியை எடுத்தார். "அந்தப் பக்கம் போய்ப் பிடி. இழுத்துப் பிடிய்யா, தடவிக் குடுக்காத."

இரண்டு முன் சீட்டும் அங்கேயே உரிக்கப்பட்டன. ஆஸ்பத்திரியில் நர்ஸ் முறைத்துப் பார்க்கும் நேரத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தார்கள். குழந்தையின் இதயம் மட்டும் எந்தக் கவலையும் இல்லாமல் குதிரை ஓட்டிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்ததும் மாமியார் வீட்டுக்குள் நுழையவில்லை. மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நேராக எதிர்வீட்டுக்குப் போனார். அவர் வாழ்க்கையில் சொல்லாத வாக்கியத்தைப் பல் டாக்டரிடம் சொன்னார்.

"டாக்டர், நான் தைச்சதுல தப்பு இருக்கு. கழட்டணும்."

விஷயத்தைக் கேட்ட டாக்டர் சிரித்தார். "அதெல்லாம் கம்பெனிக்காரன் பயமுறுத்தறதும்மா. எவ்ளோ அழகா இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்."

"ஏன் டாக்டர், உங்க பேஷண்ட்டு வாயத் திறக்கற நேரத்துல, அழகா இருக்குன்னு உதட்ட நான் தைச்சு வெச்சிருந்தா நீங்க என்ன பண்ணுவீங்க?"

டாக்டர் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

காரின் இரண்டு கதவையும் திறந்து போட்டுக்கொண்டு, இந்தப் பக்கம் மாமியாரும் அந்தப் பக்கம் மாப்பிள்ளையும் வேலையை ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளை லென்ஸ் பொருத்துகிற கையோடு ஒவ்வொரு இழையாக எடுத்தான்.

"ஆபரேஷனா பண்ற? இப்படிப் பிரிச்சா உன் புள்ள வந்து பாக்கிய முடிப்பான். அறு. துணி போனா போகட்டும், அறுய்யா. ஐயோ, அந்த இழை இல்ல, அதுக்குக் கீழ. கண்ணாடிக் கடையில வேலை பாக்கற, கண்ணு தெரியலியா உனக்கு?"

வாசலில் நின்ற டாக்டர் சங்கடப்பட்டு, நாற்காலியில் உட்கார்ந்திருந்த மகளிடம் மெதுவாகக் கேட்டார். "என்னம்மா இது, தெருவுல வெச்சு மாப்பிள்ளையப் போய் இப்படித் திட்டறாங்க. மனசு கஷ்டப்படாதா அவருக்கு?"

"அவர் மூஞ்சியப் பாருங்க டாக்டர்," என்றாள் அவள்.

டாக்டர் குனிந்து காருக்குள் பார்த்தார். மாப்பிள்ளையின் பல் முப்பத்திரண்டும் தெரிந்தது. ஒன்றில்கூடச் சொத்தை இல்லை.