பதினொன்றரைத் தொன்னும் ஒரு பீடக்கல்லும்

றஞ்சித்துக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, காதுதான் சிவக்கும். அன்று பலேர்மோத் துறைமுகத்தில், லொறி நிறுக்கும் மேடையில் நின்றபோது, இரண்டு காதும் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தன.

தராசுக்காரன் சிரித்த முகத்தோடு சீட்டை நீட்டினான். மொத்தப் பாரம் சரி. இழுக்கும் அச்சில், அதாவது எஞ்சின் உருட்டுகிற சக்கரங்கள் பூட்டிய அச்சில், பதினொரு தொன்னும் எண்ணூறு கிலோவும். இத்தாலிக்குள் பன்னிரண்டு வரை விடுவார்கள், போகலாம் என்று கைகாட்டினான். லொறி போவதோ ஜேர்மனிக்கு. நாடு தாண்டி ஓடுகிற லொறிக்கு அந்த அச்சில் பதினொன்றரைதான் எல்லை. பிரெனர் கணவாய்க்கு அப்பால் நிற்கிற ஒஸ்ரியாக்காரன் அதற்குமேல் ஒரு கிலோவுக்கும் கண்ணை மூட மாட்டான்.

போன மாரியில் முதலாளி அளவில்லாமல் ஏற்றிவிட, அகப்பட்டு, பனிக்குள் நின்று எலுமிச்சம்பழப் பெட்டி இறக்கியவன் றஞ்சித். இன்னொரு தடவை மறித்தார்கள் என்றால் லொறித் திறப்பை மேசையில் வைத்துவிட்டு நடையைக் கட்டு என்று அதே முதலாளி சொல்லியிருந்தார். தான் ஏற்றிய பாரத்துக்கு மற்றவனைத் தண்டிக்கிற நீதி முதலாளிமாருக்கு நன்றாகவே வரும். நடையைக் கட்டினால் போகுமிடம் பழைய எசமானி, பொலிதேயாமாப் பகுதிச் சிஞ்ஞோராவின் வீடுதான். எட்டு வருடம் அவளுடைய தரையைத் துடைத்து, அவளுடைய நாய்க்குப் பின்னால் நடந்து, தூக்கத்தைக் கெடுத்துப் படித்து எடுத்த லொறிப் பத்தெந்தே, சாரதிப் பத்திரம், அவனுடையது. சாரதி ஆசனத்தில் ஏறிய பிறகுதான் இந்த நகரத்தை அவன் நிமிர்ந்து பார்த்தான். இனி அதிலிருந்து இறங்குவதாக இல்லை.

பழியைப் பழத்தில் போட முடியாது. ஜேர்மனியில் எஸன் நகரத்துத் தமிழ் ஆட்களுக்கென்று பலேர்மோத் தமிழ்க் கோயில் சபை ஒரு மடு மாதா சுருவம் செய்வித்திருந்தது. முதலாளியும் பழ லொறியில் இடம் தருவதாகச் சொல்லிவிட்டார். மாதா மரத்தில் செய்தவ, ஒரு ஆள் தூக்கலாம். பீடந்தான் பளிங்குக்கல், ஒன்றரைத் தொன். அத்தனை பெரிய கல் எதற்கென்றால், சேர்ந்த குடும்பங்களின் பெயரெல்லாம் அதில் கொள்ள வேண்டுமே! உச்சியில், மற்றவர்களுடையதைவிட இரண்டு மடங்கு எழுத்தில், சபை மூப்பர் சுவாம்பிள்ளையின் பெயர். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். நம்முடைய ஆட்களிடம் பூசாரி இல்லாத குறையை மூப்பர் தீர்த்துவைத்தார்.

கல்லைப் பின்னால், இழுவைப் பெட்டியின் சக்கரங்களுக்கு மேலே வையுங்கள் என்று காலையிலேயே றஞ்சித் சொல்லியிருந்தான். அவன் கடதாசிகளுக்கு முத்திரை வாங்கப் போன இடைவெளியில், மூப்பர் தூக்குவண்டிக்காரனைப் பிடித்துக் கல்லை முன்னுக்கு, சாரதியின் முதுகோடு ஒட்ட வைப்பித்துவிட்டார். மாதாவின் பீடம் பழப்பெட்டிக்குப் பின்னால் போகலாமோ என்பது அவருடைய கேள்வி. பாரம் அப்படியே போய் இழுக்கும் அச்சில் குந்தியிருந்தது.

றஞ்சித் லொறியை மேடையிலிருந்து இறக்கி ஓரமாக நிறுத்தி, பக்கத்துத் திரையை அவிழ்த்தான். நகரத்துச் சீசாப் பகுதியிலிருந்து பஸ்ஸிலும் போர்கோ வெக்கியோவிலிருந்து நடந்தும் வழியனுப்ப வந்த சனம் சுற்றி நின்றது. கல்லையும் கடைசிப் பழப்பெட்டி அடுக்கையும் இடம் மாற்றினால் போதும், கப்பலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று விளக்கினான். மூப்பர் தராசுச் சீட்டை உயர்த்திக் காட்டினார். வெள்ளைக்காரனே விட்டுவிட்டான், நீ அவனைவிடப் பெரிய அதிகாரியோ, பிரெனரில் மாதா பார்த்துக்கொள்ளுவா என்றார். ஓம், மாதா பார்ப்பா என்று நாலைந்து வாய்கள் பின்பாட்டுப் பாடின. மாதா பார்ப்பா, திறப்பை யார் கொடுப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை.

பெருநாள் ஊர்வலத்தில் கொடியும் குருசும் முன்னே போக மாதா கடைசியில்தானே வாறவ என்று றஞ்சித் கேட்டுப் பார்த்தான். அங்கே மாதாவுக்குப் பின்னால் நானும் சனமும் வருவோம், லொறிக்குப் பின்னால் யார் வருவது என்று மூப்பர் திருப்பிக் கேட்க, சனம் சிரித்தது. மனுசன் வாயால் வங்காளம் போகக்கூடியவர். அகஸ்ரீனா தன் புருசன் றஞ்சித்தின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். எங்கட பெயரும் கல்லில் இருக்கிறது, மன்னாருக்குப் படம்கூட அனுப்பியாச்சு, ஊரோடு பகைக்க வேண்டாம் என்று காதுக்குள் கெஞ்சினாள். அவளுடைய கண் கலங்கியதை அவன் பார்த்தான். ஆனாலும் தூக்குவண்டிக்காரனைக் கைகாட்டிக் கூப்பிட்டான். மாற்றுகிற கதை முடிந்தது, கல்லைக் கீழே இறக்கு என்றான்.

மூப்பர் குறுக்கே வந்து நின்றார். "கல்லிலை கை வைச்சால் மாதாவிலை கை வைச்ச மாதிரி, தம்பி."

"மாதாவை ஒரு ஆள் தூக்கலாம், மூப்பர். தூக்கேலாமல் கிடக்கிறது எங்கட பேருகள்தான். என்ரை பேரும் அதிலை கிடக்கு. அதையும் சேர்த்துத்தான் இறக்கிறன்."

தூக்குவண்டி கிட்ட வர மூப்பர் ஒதுங்கினார். கல் இறங்கித் துறைமுகத் தரையில் குந்தியது. லொறியைத் திரும்ப மேடையில் ஏற்றினான். முள் பதினொன்றையே எட்டவில்லை.

மாதாவைக் கட்டியிருந்த கம்பளியோடு றஞ்சித் தானே தூக்கி வந்தான். முன்னுக்கு வைக்க வேண்டுமென்றுதானே இவ்வளவு கூத்து? தன் பக்கத்து ஆசனத்தில் இருத்தி, பட்டியை இழுத்துப் பூட்டினான். அதற்கு முன்னால் கண்ணாடியும் றோட்டும்தான். மூப்பர் விரலை நீட்டினார்.

"இனிக் கோயில் வாசல்லை உன்னைக் காணக்கூடாது."

றஞ்சித் பதில் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அகஸ்ரீனா மிதிபடியில் ஏறிவிட்டாள். கம்பளிக்கு வெளியே தெரிந்த மாதாவின் முகத்தில் பட்டி உரசியதைக் கண்டு, தன் சால்வையை மடித்து இடையில் செருகினாள். செருகி முடித்து, படியில் நின்றபடியே திரும்பினாள்.

"அவர் வருவார், மூப்பர். நானும் வருவன். அந்த வாசல்லையும் உங்கட பேர் வெட்டிக் கிடக்கோ?"

கப்பல்காரன் விசில் அடித்தான். அவள் இறங்கிக் கதவைச் சாத்த, றஞ்சித் லொறியைக் கப்பலுக்குள் விட்டான்.