கடல் ஒதுக்கிய கட்டை

அன்று காலை ஹோப்டவுன் என்ற கடலோர ஊர் முழுவதும் கடல்மூட்டத்தில் மிதந்துகொண்டிருந்தது. மரக்கடைசல் கொட்டகைக்குத் தானே நடந்து வந்தாளா, மூட்டம் கொண்டுவந்து சேர்த்ததா என்று டல்சிக்கே தெரியவில்லை. கையில், கரையில் பொறுக்கிய ஒரு சாண் கட்டை. இரு முனையும் உடைந்து, உப்பில் வெளுத்து, இன்ன மரம் என்று சொல்ல முடியாமல் இருந்தது.

அவள் கணவன் அலெக் போன குளிர்காலத்தில் படகோடு காணாமல் போனான். படகும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. இந்தக் கரையில் எல்லோரும் சுக்கான் பிடியை ஜாரா மரத்தில் செய்வார்கள். அலெக் மட்டும், அறுத்தால் ராஸ்ப்பெரி ஜாம் மணக்கிற ஜாம் மரத்தில்தான் செய்வேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். இந்தக் கட்டையின் பருமன் சுக்கான் பிடியுடையதுதான்; இது ஜாம் மரம் என்றால் அலெக் உயிரோடு இல்லை. வேறு மரமென்றால், ஏதோ ஒரு தீவில் மீன் சுட்டுத் தின்றுகொண்டிருக்கலாம். பைத்தியக்கார நம்பிக்கைதான். அதை வைத்துத்தான் அவள் நாட்களை ஓட்டினாள்.

இதை யாரிடமும் சொல்லவில்லை. “ஒரு பேனா கடைஞ்சு குடு மெர்வ்,” என்று கடைசல்காரனிடம் கட்டையை நீட்டினாள்.

பெயர் தெரியாத மரம் வந்தால், கடைகிறவனைத் தவிர எல்லோரும் ஊகம் சொல்லியாக வேண்டும். தோற்றவர் தேநீர் போட வேண்டும். அது கொட்டகை வழக்கம்.

“ஜாம்,” என்றான் கொட்டகையில் இருந்த லிண்ட்சே.

“தின்னிப்பயலே, உனக்கு எல்லாமே ஜாம்தான்,” என்றான் மெர்வ். “நீ சொல்லு டல்சி.”

“ஜாரா,” என்றாள். ஊகமா அது? வேண்டுதல்.

இயந்திரம் முனகியது. வெளுத்த மேல்தோல் சுருள்சுருளாக உதிர்ந்தது. முதலில் உப்பும் தூசியும்தான் மணத்தன. பிறகு மெல்ல வந்தது, அடுப்பிலிருந்து இறக்கிய ஜாமின் வாசனை. அந்தப் பிடியை இழைத்த வாரம் முழுக்க அலெக்கின் தலைமுடியில் இதே வாசனைதான். கொட்டகை கரைந்தது, மூட்டம் கரைந்தது. ஒரு கணம் அவன் பக்கத்தில் படுத்திருந்தாள்.

“நான் சொல்லல?” லிண்ட்சே குதித்தான். “தோத்துட்ட டல்சி, போய் டீ போடு!”

அவள் நகரவில்லை. கண்ணீர் கொட்டியது. “அது அலெக்கோட சுக்கான் பிடி,” என்றாள்.

மெர்வ் இயந்திரத்தை அணைத்தான்.

“ஐயோ, எனக்குத் தெரியாதே டல்சி. இதோட நிறுத்திடறேன்.”

“வேணாம் மெர்வ். முடிச்சுக் குடு. புதைக்க எனக்கும் ஏதாவது வேணுமில்ல?”