ஒழுகாத கோடு

நெரெய்தாவிடம் பதினொரு கேப்கள் இருந்தன. ஸ்பிரே டப்பாவின் தலையில் விரலால் அமுக்கும் சிறு குமிழைத்தான் பிராங்க்ஸ் வட்டாரத்தில் தங்கள் பெயரைச் சுவரில் வரைகிறவர்கள் கேப் என்பார்கள். பதினொன்றும் அண்டை வீட்டுக் குப்பைத்தொட்டிகளில் பொறுக்கியவை. வெந்நீரில் கழுவி, பழைய செய்தித்தாளில் ஒவ்வொன்றையும் அடித்துப் பார்த்தாள். பூச்சிமருந்துக் கேப் தும்மியது. மேசைப் பாலிஷின் கேப் நூல் நூற்றது. துணிக்குக் கஞ்சி அடிக்கும் டப்பாவின் கேப் மட்டுமே நான்கு விரல் அகலத்துக்கு, ஓரம் பிசிறாமல், கொழுத்த கோடொன்றை இழுத்துத் தந்தது. மற்ற பத்தையும் அவள் அதன்பின் தொடவில்லை.

அந்தக் கேப்போடு மூன்று வாரம் பழகினாள். பெயிண்டை வீணாக்க மனம் வராததால் கஞ்சியிலேயே பழகினாள். மொட்டைமாடியின் கருந்தாரில் அடித்த கஞ்சி பத்து நிமிடத்தில் வெள்ளையாகக் காய்ந்தது, மழை வந்து அழித்தது, மறுபடி எழுதினாள். கை மெதுவாகப் போனால் குளம் கட்டும், வேகமாகப் போனால் வெளிறும் என்பதை அவள் தோள் கற்றுக்கொண்டது.

சனிக்கிழமை பகல் ஒரு மணிக்குக் கெடு. பள்ளிக்கூடத்துப் பின்புறம், பிள்ளைகள் கையால் பந்தடித்து ஆடும் ஹேண்ட்பால் சுவர், சுவரெழுதும் வென்டலின் குழுவுக்குச் சொந்தம். அதாவது, வேறு யாரும் அதைத் தொடத் துணிந்ததில்லை. வென்டல் அவளுக்குச் சுவரின் ஒரு மூலையைக் கொடுத்திருந்தான். நிபந்தனை ஒன்றுதான். ஒரு சொட்டு ஒழுகினாலும் ரோலரால் வெள்ளை அடித்து மூடிவிடுவான். ஒழுகாவிட்டால் எழுத்து நிற்கும், அவளும் குழுவில் இருப்பாள்.

ஓ, எஸ், ஏ. ‘ஓஸா’ என்பது அவள் சுவர்ப்பெயர். ஆள் உயரத்து மூன்று ஆங்கில எழுத்துகளுக்கும் காலையிலேயே ஆரஞ்சு நிறம் நிரப்பி முடித்திருந்தாள். கறுப்பு ஓரக்கோடுதான் மீதி. கறுப்பு டப்பா ஒன்றே ஒன்று.

“ஓரக்கோட்டப் போய் யாராச்சும் குண்டு கேப்ல போடுவாங்களா?” என்றான் வென்டல். தட்டில் நிறைந்த வெள்ளையில் அவன் ரோலர் ஊறிக்கொண்டிருந்தது.

“ஒல்லிக் கேப்ல போட்டா ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கிறவனுக்குத் தெரியாது.”

“ஒழுகுனா மட்டும் நல்லாத் தெரியும்.”

குழு சிரித்தது. அவள் கேப்பைப் பொருத்தி, சோதனைக்குத் தரையில் ஒரு கோடு இழுத்தாள். கோடு வரவில்லை, கறுப்பு சீறிப் பாய்ந்து, குளமாகி, வழிந்தது. அப்போதுதான் டப்பா உள்ளங்கையைச் சுடுவது அவளுக்கு உறைத்தது.

“லூச்சோ! இத எங்கடா வெச்ச?”

லூச்சோ அவளுடைய சித்தி மகன். உதவி செய்ய வந்தவன். “வெயில்லதான் வெச்சேன். போன ஜனவரிக் குளிர்ல அக்குள்ல வெச்சு வெச்சுச் சூடாக்குனமே, மறந்துட்டியா?”

“இது ஜூலைடா, கழுதை!”

“சூடான டப்பா நல்லா அடிக்கும்னு நீதான சொன்ன?”

“நல்லா அடிக்கும்னுதான் சொன்னேன். வெடிக்கும்னா சொன்னேன்?”

வென்டல் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு கேப்பை எடுத்து நீட்டினான். “ஒல்லிக் கேப். வாங்கிக்க. இதுல ஒண்ணும் கேவலமில்ல.”

ஒல்லிக் கேப்பில் இந்தச் சூடான டப்பாவும் அடங்கும், கோடு ஒழுகாது, சுவரும் கிடைக்கும். ஆனால் ஆரஞ்சு யானைக்குத் தையல்நூல் கட்டியதுபோல் இருக்கும்.

“மணி என்ன?”

“ஒண்ணாக அஞ்சு நிமிஷம்.”

அவள் ஓடினாள். தெருமுனையில் பிள்ளைகள் தீயணைப்புக் குழாயைத் திறந்துவிட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். பனைமரப் பருமனில் பாய்ந்த தண்ணீருக்குள் டப்பாவைப் பிடித்தாள். இரண்டே விநாடியில் தலைமுதல் கால்வரை நனைந்தாள். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். அவளோ டப்பாவை மட்டும் உருட்டிக்கொண்டிருந்தாள். அதிகம் குளிர்ந்தால் பெயிண்ட் துப்பித் துப்பி விழும். கொதிப்பு வெதுவெதுப்பானது. வெதுவெதுப்பும் போய், சில்லிடத் தொடங்குவதற்கு ஒரு நொடி முன்பாகக் கையை இழுத்தாள்.

திரும்பி ஓடிவரும்போதே டப்பாவைக் குலுக்கினாள். உள்ளிருந்த கோலிக்குண்டு கடகடத்தது. கையையும் டப்பாவையும் லூச்சோவின் சட்டையில் துடைத்தாள்.

“புதுச் சட்டைடி!”

“அதான் நல்லாத் துடைக்குது.”

தரையில் மறுபடி ஒரு கோடு. நான்கு விரல் அகலம். நின்றது.

சுவர் முன் கால்களை அகட்டி நின்றாள். விரல் அமுக்கும் முன்பே கை நகரத் தொடங்க வேண்டும். கை நிற்கும் முன்பே விரல் எழ வேண்டும். ஓ ஒரே சுற்றில் வந்தது. தொடங்கிய இடமும் முடிந்த இடமும் எங்கென்று அவளுக்கே தெரியவில்லை. குழுவில் எவனோ விசிலடித்தான். எஸ் மேல்வளைவில் ஏறி, இடுப்பில் திரும்பி, அடிவயிற்றில் இறங்கியது. அங்கே அரை நொடி தாமதித்துவிட்டாள். மிளகளவு கறுப்பு முத்து ஒன்று திரண்டது.

தொட்டால் தீற்றிவிடும். அவள் தொடவில்லை. ஏயின் இரண்டு கால்களையும் குறுக்குக் கோட்டையும் மூன்றே வீச்சில் முடித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தாள்.

முத்து தொங்கிக்கொண்டிருந்தது. வென்டல் சொட்டும் ரோலரோடு அதன்முன் மண்டியிட்டான். எல்லோரும் அதையே பார்த்தார்கள். முத்து பருத்தது, நீண்டது, பளபளப்பு மங்கியது, மேலே மெல்லிய ஆடை படிந்து சுருங்கியது. வென்டல் நகத்தால் தட்டிப் பார்த்தான்.

“காஞ்சிருச்சு.”

“ஒழுகலையே?” என்றாள்.

அவன் எழுந்து, சாலையைக் கடந்து, எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தான். அங்கிருந்தே கத்தினான்: “ஒழுகல! கீழ குழுப் பேரையும் எழுது!”

லூச்சோ நனைந்த சட்டையோடு குதித்தான். அவள் குழுப்பெயரின் முதலெழுத்தை எழுதினாள். இரண்டாவதில் பெயிண்ட் தீர்ந்து, டப்பா இருமிக் காற்றை விட்டது. திரும்பி வந்த வென்டல் தன் சொந்தக் கறுப்பு டப்பாவை நீட்டினான். அவன் டப்பாவை வேறு எவரும் தொட்டு அந்தக் குழு பார்த்ததில்லை.

நெரெய்தா அதை வாங்கினாள். அவன் கேப்பைப் பிடுங்கி அவன் கையிலேயே கொடுத்துவிட்டு, தன் கேப்பை மாட்டினாள்.